மேயர் குடியிருக்க வேண்டிய ஊர்

“சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தன் வீட்டுக்கு ஃபோன் பண்றான்னா, ஒண்ணு சாவுச் செய்தியா இருக்கணும், இல்ல மந்திரி பதவியா இருக்கணும்” என்றார் ரைனியர், உருளைக்கிழங்கு மசியலில் கரண்டியால் குழி பண்ணிக் குழம்பை ஊற்றிக்கொண்டே.

ஏழு வருஷத்துக்கு முன் அவருக்கு அப்படித்தான் வந்தது. நாடே சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் கட்சித் தலைமை கூப்பிட்டு அவரைத் துணை அமைச்சர் ஆக்கியது. மூன்று வருஷம் ஜம்மென்று ஆண்டார். கூட்டணி கவிழ்ந்தது, வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை காரைக் கழுவுகிறார், பாவம்.

இப்போது சாண்டர்ஹோவன் என்ற கடலோர ஊரில் மேயர் நாற்காலி காலி. ரைனியர் விண்ணப்பித்திருந்தார். இதை விட்டால் ஆட்சி, அதிகாரம் எல்லாம் இந்த ஜென்மத்தில் அவ்வளவுதான். மேயரை ஊர் ஓட்டுப்போட்டு எடுப்பதில்லை. நகரசபையின் குழு ஒன்று ரகசியமாகப் பேசித் தேர்ந்தெடுக்கும். யார் யார் போட்டி என்று வெளியே மூச்சு விடக் கூடாது. அவர் மனைவி லீஸ்பெத்திடம்கூடச் சொல்லவில்லை.

அவளும் கேட்கவில்லை. அந்த வீடு அப்படி. இருவரும் முப்பது வருஷமாக லிபரல் கட்சிக்காரர்கள். குடிமகன் விஷயத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது கட்சிக் கொள்கை. புருஷன் விஷயத்தில் பெண்டாட்டியும், பெண்டாட்டி விஷயத்தில் புருஷனும் நுழைக்கக் கூடாது என்பது வீட்டுக் கொள்கை. ஒருவருக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் பிரித்ததே கிடையாது.

பதவி கிடைக்கும் என்பதில் ரைனியருக்குச் சந்தேகமே இல்லை. கவலையெல்லாம் ஒன்றுதான். மேயர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்று சட்டம். லீஸ்பெத் பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில். இங்கே பன்னிரண்டு வருஷமாக நகரசபை உறுப்பினர் வேறு. கிளம்பி வருவாளா?

“லீஸ்பெத், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். கடலோரமா எங்கயாவது குடிபோனா என்ன?”

“போலாமே.”

இரண்டு மணி நேரச் சண்டைக்குத் தயாராக வந்திருந்த மனிதருக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது.

“என்ன, பட்டுனு சொல்லிட்ட? உன் நகரசபை என்ன ஆகும்?”

“சைக்கிள் பாதை, குப்பைத்தொட்டின்னு பன்னிரண்டு வருஷம் பேசியாச்சு. போதும்.”

“அதான் நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் குப்பைத்தொட்டி அரசியல்னு. கொள்கை பேசணும்னா தி ஹேக் பார்லிமெண்டுதான்.”

“ஆமா, பெரிய கொள்கை! அரசாங்கம் சின்னதா இருக்கணும்னு மேடைக்கு மேடை பேசுவ. அதுல உனக்கு மட்டும் பெரிய நாற்காலியா வேணும்.”

“எவன் உக்காந்தா செலவு குறையுமோ அவன்தானே உக்காரணும்? வரி ஏறக் கூடாது. கடை வச்சிருக்கறவனை ஆயிரம் படிவம் நிரப்பச் சொல்லி அழவைக்கக் கூடாது. சட்டம் ஒழுங்குல மட்டும் கெடுபிடி. இதுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?”

“சரி, கடலோரத்துல தண்ணியைத் தடுக்கற மணல் கரை உடைஞ்சா? கடைக்காரனா வந்து அடைப்பான்?”

ரைனியருக்குப் புரையேறியது. நேர்காணலில் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அங்கேயும் கொஞ்சம் தடுமாறித்தான் போனார்.

“அது... அது வந்து... அரசாங்கம்தான்.”

“அதை ஏன் இழுத்து இழுத்துச் சொல்ற? தண்ணிக்கு முன்னாடி எல்லாரும் ஒரே கட்சி. அதை முதல்ல கணீர்னு சொல்லிடணும். மத்த விஷயத்துல ஜனங்களை அவங்க பாட்டுக்கு விட்டுடணும். அவ்வளவுதான் நம்ம கொள்கை.”

அடடா, இவளை முன்னாடியே கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

“ஆனா ஒண்ணு, ரைனியர். போன இடத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. ஒருத்தருக்கு வேலைன்னா இன்னொருத்தர் கூட நிக்கணும். முடியுமா?”

“இதென்ன கேள்வி? சந்தோஷமா நிக்கணும்! ரிப்பன் வெட்டும்போது பக்கத்துல சிரிச்சுக்கிட்டு...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். லீஸ்பெத் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். கள்ளி, கண்டுபிடித்துவிட்டாள்! அவருக்கு மனசு குளிர்ந்துபோனது.

கூடத்தில் தொலைபேசி அடித்தது. மணி ஆறு பத்து.

ரைனியர் வாயைத் துடைத்தார். சட்டைக் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் எடுத்தார்.

“ரைனியர் பேசறேன்.”

“சாண்டர்ஹோவன் தேர்வுக் குழுத் தலைவர் பேசறேங்க. சாப்பிடற நேரத்துல தொந்தரவு பண்றேன்.”

“தொந்தரவெல்லாம் இல்லீங்க. எதிர்பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.”

மறுமுனை தொண்டையைச் செருமியது.

“மூணு மாசமா எங்க எல்லாருக்கும் வாய்ப்பூட்டு. யாரு, எவருன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலை. மனசு கஷ்டமாத்தான் இருக்கு, நீங்க தேர்வாகலைங்க.”

ரைனியர் சுவரில் சாய்ந்துகொண்டார். இனி காரைக் கழுவ வேண்டியதுதான் என்று தோன்றியதும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் துணை அமைச்சராக இருந்தவர் அல்லவா, குரலைக் கெட்டிப்படுத்திக்கொண்டார்.

“பரவாயில்லீங்க. நாங்க இந்த ஊர்லயே இருந்துக்கறோம்.”

“அது முடியாதுங்களே” என்றார் தலைவர். “மேயர் எங்க ஊர்லதான் குடியிருக்கணும். கொஞ்சம் ஃபோனை உங்க வீட்டம்மாகிட்டக் குடுங்க.”