கறை இருந்த பக்கம்

சலவைக்கு வந்த கூடையைத் திறந்ததும் ராணியின் உள்ளங்கிதான் மேலே கிடந்தது. அதில் ரத்தம்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. எடுத்து விரித்தேன்.

கறை வெளிப்பக்கத்தில் இருந்தது.

உள்பக்கத்தில் லேசாக ஊறிய மங்கல் மட்டும். பெண்ணின் உடம்பிலிருந்து வரும் ரத்தம் உள்ளிருந்துதானே வெளியே வரும்? இது வெளியிலிருந்து உள்ளே போயிருந்தது. யாரோ துணியை விரித்து வைத்து மேலே ஊற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ, ராணியேதான். பணிப்பெண் செய்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அவள் தன் துணியைத் தானே கசக்கிப் பிழிகிறவள். பிறந்ததிலிருந்து அடுத்தவர் கையால் உடுத்தி, அடுத்தவர் கையால் களைந்தவளுக்குத் தன் கறை எந்தப் பக்கம் படியும் என்று எப்படித் தெரியும்?

அரசர் பிரெஞ்சு எல்லைக்குச் சண்டைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்த மாதம் கறை வராவிட்டால் ராணியின் தலை தப்பாது.

ராணியின் மாதத் துணி தண்ணீரில் நனையும் முன் தலைமைத் தோழி டோனா மென்சியா வந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் அரண்மனை வழக்கம். பார்த்துவிட்டுச் சலவைக்கூடத்து வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்வாள். அந்தச் சொல்லுக்காக ஆயரின் ஆளும் தூதர்களின் ஆட்களும் காலையிலிருந்தே வெளியே காத்துக் கிடந்தார்கள்.

சாம்பல் நீரில் துணி முக்கிக்கொண்டிருந்த எஸ்தெபானியா எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குப் பட்டது கறையின் நிறம் மட்டும்தான்; அரசர் ஊரில் இல்லாத மாதக் கணக்கெல்லாம் அவளுக்கு வராது.

"இந்த மாசமும் போச்சா? தொட்டிலுக்குப் பட்டு விரிச்சது பூனை தூங்கத்தான் போல."

சிரித்துவிட்டு, சந்தையில் எல்லாரும் பாடும் மலடி ராணிப் பாட்டை எடுத்துவிட்டாள். ஊரெல்லாம் ஆட்டுக்குட்டி, அரண்மனைத் தொட்டில் காலி என்று போகும் அது. வாயை மூடு என்று சீறினேன்.

போன ராணிக்கு நடந்தது என்னால் நடந்தது. அப்போது வாசலில் நின்று சொல்லும் வழக்கம் கிடையாது. அவள் துணி மூன்று மாதம் வெள்ளையாக வந்ததைக் கிணற்றடியில் நான்தான் உளறினேன். ராணி உண்டாகியிருக்கிறாள் என்று குதித்தேன். அரசர் எத்தனை மாதமாக ஊரில் இல்லை என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. எண்ணிப் பார்க்கிறவர்கள் அங்கே இருந்தார்கள்.

அவள் கடைசியாக உடுத்திய உள்ளங்கியும் துவைக்க என்னிடமே வந்தது. அதில் கறை கழுத்துப் பக்கம் இருந்தது.

இந்த ராணிக்கு ஒரு வழி இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டு மலைமேல் கன்னியர் மடத்தில் ஆறு மாதம் தங்கப் போகிறாள். திராட்சை அறுப்பு முடிந்ததும் பயணம்; அங்கே யாரும் அறியாமல் பெற்றுக்கொள்ளலாம். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

படியில் டோனா மென்சியாவின் கைத்தடி கேட்டது.

ரத்தத்தை இளக்க எச்சிலை மிஞ்சி எதுவும் இல்லை. கறையில் துப்பித் தேய்த்தால் மறுபக்கம் இறங்கிவிடும். ஆனால் பயத்தில் என் வாய் காய்ந்து கிடந்தது. எஸ்தெபானியா கடித்து வைத்திருந்த புளிப்பு ஆப்பிளைப் பிடுங்கி ஒரு கடி கடித்தேன். அவள் கத்தினாள். எச்சில் ஊறியது. முதுகைத் திருப்பிக்கொண்டு துப்பினேன், கட்டைவிரலால் தேய்த்தேன், மறுபடி துப்பினேன். கைத்தடி கடைசிப் படிக்கு வந்தபோது உள்பக்கமும் சிவந்திருந்தது.

டோனா மென்சியா மூன்று ராணிகளின் துணியைப் பார்த்தவள். அவளிடமிருந்து ஒரு நூல்கூடத் தப்பாது.

துணியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே பார்த்தாள், வெளியே பார்த்தாள். ஈரத்தை விரலால் தொட்டாள்.

பிறகு கறையின் ஓரத்தில் நகத்தை வைத்து எதையோ கிள்ளி எடுத்தாள்.

சின்ன வெள்ளை இறகு. கோழியின் அடிவயிற்றில் இருக்குமே, அது. நான் பார்க்கவே இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் அந்த இறகைத் தன் சட்டைக்கைக்குள் செருகிக்கொண்டாள். வாசலுக்குப் போனாள்.

"ராணிக்கு வந்துடுச்சு. போய்ச் சொல்லுங்க."

வெளியே யாரோ மலடி என்று சொல்ல, இன்னும் யாரோ சிரித்தார்கள். டோனா மென்சியா திரும்பி வந்து துணியை என் கையில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

மலடி என்று சிரிக்கிறவர்கள் மாதம் எண்ணமாட்டார்கள். அவள் படியேறத் தொடங்கியதும் நான் பாட ஆரம்பித்தேன். ஊரெல்லாம் ஆட்டுக்குட்டி, அரண்மனைத் தொட்டில் காலி. சற்று முன் சீறியவள் இப்போது பாடுகிறாளே என்று எஸ்தெபானியா வாய் பிளந்து பார்த்தாள்.

கைத்தடி நின்றது. டோனா மென்சியா திரும்பாமலே சொன்னாள்.

"இன்னும் சத்தமாப் பாடுங்கடி. வாசல் வரைக்கும் கேக்கணும்."