பட்டைக்குள் ஆணி

அவள் முதலில் மரத்தின் வேரடியைத்தான் தோண்டினாள்.

மெட்டல் டிடெக்டர் அங்கேதான் கத்தியது. மண்ணிலிருந்து சோடா மூடிகள் வந்தன. ஒரு பத்துப் பைசா வந்தது. ஆணி மட்டும் வரவில்லை.

மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கே குதித்திருப்பாள். ஆள் இல்லாத எஸ்டேட் லயன் வீடுகள், மூடிய மில் குடியிருப்பு, எங்கே பாழடைந்த சுவர் தெரிந்தாலும் கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இதுவரை அவளுக்குக் கிடைத்த பெரிய புதையல் ஒரு பித்தளைக் குழாய். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்று விளையாட்டுக்கு வரவில்லை.

ஊர் காலியாகிக் கிடந்தது. ஒரு காலத்தில் பேயோட்டிய கோவிலுக்கு இப்போது கூரை இல்லை. வாசலெதிரே புளியமரம் மட்டும் நன்றாகப் பெருத்திருந்தது.

அக்காவைப் பதினேழு வயதில் இங்கே கூட்டிவந்தார்கள். பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு பெண் அப்படிச் சொல்வாளா? பேய்தான் சொல்லியிருக்க வேண்டும். உச்சிமுடியில் ஒரு கொத்தை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து, அறுத்துவிட்டார்கள்.

பேய் போய்விட்டது.

அதன்பிறகு அக்கா எதற்குமே வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த மாப்பிள்ளைக்கே சரி என்றாள். போன வாரம் அக்காவின் மகன், அவள் வீட்டைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொன்னான். அதற்கும் சரி என்றிருக்கிறாள்.

கேட்டதும் இவள் கருவியைத் தூக்கினாள். அந்த ஆணியைப் பிடுங்கியே தீருவது என்று கிளம்பிவிட்டாள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓர் ஆணியும் கண்ணில் படவில்லை. அலுத்துப்போய்க் கருவியை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினாள்.

அதன் வட்டத் தட்டு மரத்தில் உரசியது.

அலறியது.

ஆணிகள் எங்கும் விழவில்லை. மரம் பட்டையால் மூடி வைத்திருக்கிறது.

ஆர்வம் தாங்காமல் கருவியை அடிமரத்தில் ஏற்றி இறக்கினாள். தலை உயரத்தில் சத்தம் இல்லை. நெஞ்சு உயரத்திலும் இல்லை. இடுப்பளவில் மட்டும் சுற்றிலும் இரும்பு.

குழந்தைகளின் தலை உயரம். இத்தனை குழந்தைகளையா?

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"யக்கா, எல்லா ஆணியும் இடுப்பு உசரத்துலதான் இருக்கு. சின்னப் பிள்ளைகளையுமா கூட்டிட்டு வந்தாவ?"

"நீ எங்க நிக்க?"

சொன்னாள்.

"பிள்ளைய இல்லட்டி. உக்கார வச்சுல்லா அடிச்சாவ. கோயில் வாசலப் பாத்து."

போனை வைக்காமல் இவளும் உட்கார்ந்தாள். முதுகை மரத்தில் சாய்த்து, வாசலைப் பார்த்தாள். கருவியைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

உச்சிக்கு நேராகச் சத்தம் வந்தது.

எழுந்து, அந்த இடத்தில் கத்தியால் பட்டையைச் சீவினாள். துருவேறிய ஆணித்தலை தெரிந்தது. முடி எதுவும் மிச்சமில்லை.

பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து ஆணியைக் கவ்விப் பிடித்தாள்.

"கெடச்சிட்டுக்கா. பிடுங்கிரட்டா?"

அக்கா யோசிக்கவே இல்லை.

"வேண்டாம்."

குறடு அப்படியே நின்றது.

"சிக்னல் சரியில்லக்கா" என்று பொய் சொன்னாள். "இன்னொருக்க சொல்லு."