அத்தானின் சத்தம்

"சூப்பா இது? பாத்திரம் கழுவின தண்ணியா?"

உணவகமே திரும்பிப் பார்த்தது.

அக்காவுக்கும் அத்தானுக்கும் எதிரே உட்கார்ந்திருந்த மச்சினிக்கு முகம் சிவந்துவிட்டது. வெகுநாள் கழித்து அக்காவைப் பார்க்க வந்தவள். வந்து ஒரு நாள்தான் ஆகிறது.

"அத்தான், மெதுவா பேசுங்க. மானம் போகுது."

"போகட்டும். காசு கொடுத்துத்தானே சாப்பிடறோம்? யோவ், இங்க வாய்யா!"

நரைத்த மீசை வைத்த பரிமாறுபவர் ஓடி வந்தார். குனிந்து நின்று திட்டு வாங்கிக்கொண்டார்.

இவரா அத்தான்?

வேலைக்காலம் முழுக்க நூலகத்தில் இருந்தவர். வாசிக்க வந்தவர்கள் இருமினால்கூட உதட்டில் விரலை வைத்தவர். பெண் பார்க்க வந்த அன்று, "மாப்பிள்ளைக்கு வாய் இருக்கா?" என்று கேலி செய்ததே இவள்தான்.

நேற்று வீட்டிலும் அவளுக்கு மனசு சரியில்லை. சாப்பாட்டு மேசையில் இரண்டே தட்டு.

"அக்கா உட்காரலையா?"

"அவ அப்புறம் சாப்பிடுவா. நீ சாப்பிடும்மா."

"எங்க அம்மாவே இப்படிக் காத்துக் கிடக்கல அத்தான்."

அவர் காதில் வாங்கவில்லை. பிறகு அவரும் அக்காவும் சமையலறைக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. காலையில் தேநீரைக்கூட அவரே ஊற்றினார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டில் ஒரு கெட்டிலைத் தொட உரிமையில்லை!

"ரொட்டி கல்லு மாதிரி இருக்கு! இதை எறிஞ்சா மண்டை உடையும்!" அத்தான் மேசையைத் தட்டினார்.

பக்கத்து மேசையில் ஒரு பெண் தன் கணவனிடம் முணுமுணுத்தாள். "பாவம் அந்தம்மா. இந்த ஆளோட எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ."

மச்சினி அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். அக்கா தலை நிமிரவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்கு மேல் இவளால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, எழுந்திரு. கை கழுவிட்டு வரலாம்."

கை கழுவும் இடத்தில் வேறு யாரும் இல்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"நாளைக்குக் காலையில நீ என்னோட கிளம்பற. இனிமே என் வீட்டுலதான் இருக்கப் போற."

"எதுக்குடி?"

"எதுக்கா? வீட்டுல உனக்குக் கதவைச் சாத்திக்கிட்டு சோறு போடறார். வெளியில வந்தா ஊரைக் கூட்டறார். நீ என்னடான்னா வாயில ஈ போறது தெரியாம சாப்பிட்டுட்டு இருக்க. உப்பு போட்டுத்தானே திங்கற?"

அக்கா குழாய்ப் பக்கம் திரும்பினாள். குழாயைத் திறக்கக் கையை நீட்டினாள். கை வெடவெடவென்று ஆடியது. குழாயைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்தது. மறுபடி நீட்டினாள். மறுபடி தப்பியது.

அப்போதுதான் தங்கை பார்த்தாள். அக்காவின் மடியெல்லாம் சூப்.

"என்னக்கா இது?"

"கொஞ்ச நாளா இப்படித்தான். சும்மா இருந்தா ஒண்ணுமில்ல. எதையாவது எடுக்கப் போனா ஆட ஆரம்பிச்சுடும். மருந்து சாப்பிடறேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்."

"என்கிட்டகூடவா?"

"உன்கிட்டதான் முக்கியமா. சின்னப் பிள்ளையில சிந்தினா உன் தலையில குட்டுவேனே, ஞாபகம் இருக்கா? இப்ப எனக்கு அவர் ஊட்டி விடறார். அதை நீ பார்த்தா நான் செத்துடுவேன்டி."

தங்கை குழாயைத் திறந்தாள். அக்காவின் கைகளைப் பிடித்துக் கழுவிவிட்டாள்.

"அப்புறம் எதுக்குக்கா வெளியில வந்து சாப்பிடணும்?"

"பிடிச்சிருக்கே. இந்த விளக்கு, கூட்டம், நாலு பேர் பேசறது... முதல் தடவை கரண்டி தட்டுல தடதடன்னு அடிச்சப்ப அத்தனை பேரும் என்னையே பார்த்தாங்க. இனி வீட்டை விட்டு வரவே மாட்டேன்னு அழுதேன். அவர் விட்டாரா? அடுத்த வாரம் வம்படியா கூட்டிட்டு வந்தார். நான் கரண்டியைத் தொட்டதும், உப்பில்லைன்னு ஒரு கத்து கத்தினார் பாரு!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கல்யாணமான நாள்லேர்ந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்லடி. எல்லாரும் அவரைப் பார்த்தாங்க. நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன். அதுலேர்ந்து வாராவாரம் இங்கதான், இதே கூத்துதான்."

இருவரும் மேசைக்குத் திரும்பினார்கள். மீன் வந்திருந்தது. அத்தான் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது.

அக்கா கரண்டியை எடுத்தாள். தட்டில் தடதடவென்று சத்தம். பக்கத்து மேசைத் தலைகள் மெல்லத் திரும்பின.

அத்தான் அவசரமாக வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

தலைகள் இன்னும் கொஞ்சம் திரும்பின.

படாரென்று மேசையில் ஓர் அடி விழுந்தது. மச்சினி எழுந்து நின்றாள்.

"யாருங்க இங்க மேலாளர்? மீனா இது, செருப்புத் தோலா?"

அத்தனை கண்களும் அவள்மேல் பாய்ந்தன. "குடும்பமே இப்படித்தான் போல" என்று யாரோ சொன்னார்கள்.

மீசைக்காரர் ஓடி வந்தார். அத்தானை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பவ்யமாகக் குனிந்து, இவள் காதில் மட்டும் விழும்படி கேட்டார்.

"இன்னிக்கு உங்க முறையாம்மா?"