முட்டைத் திருடன்

“திருடன் தீர்ந்தான் அண்ணே!” என்றபடி சமையலறைக்குள் நுழைந்தான் காவல்காரன் நல்லையா.

வேட்டைக்காக வெள்ளைக்காரத் துரை பர்மாவின் சின் மலையிலிருந்து கொண்டுவந்து, ரங்கூன் பங்களாத் தோப்பில் விட்ட பெசன்ட் என்னும் காட்டுக்கோழிகள் பெருகவே இல்லை. கீரி, மரநாய் எல்லாவற்றையும் நல்லையா சுட்டுத் தீர்த்த பிறகும் கூடுகளில் முட்டை காணாமல் போய்க்கொண்டே இருந்தது.

“எது மாட்டுச்சு?” பட்லர் பொன்னுத்துரை ஆம்லெட் சட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“தெரியலை. துரை சொன்னபடி ராத்திரி கூட்டு முட்டையில எல்லாம் பாஷாணம் ஏத்தி வச்சேன். விடிஞ்சு பார்த்தா ஒண்ணுகூட இல்லை. தின்னது இந்நேரம் எங்கேயாவது சுருண்டு கிடக்கும்.”

பொன்னுத்துரையின் கையிலிருந்து சட்டி நழுவியது.

“என்னண்ணே?”

“பஜார் முட்டை நாறுதுன்னு துரை தட்டோட வீசினாருடா. அன்னையிலேருந்து விடியக்காலம் தோப்புக்குப் போய் கூட்டு முட்டையை நான்தான் எடுத்துட்டு வர்றேன். இன்னிக்கும் அதுலதான் துரைக்கு ஆம்லெட் போட்டுக் குடுத்தேன்!”

நல்லையா சாப்பாட்டு அறைப் பக்கம் பாய்ந்தான்.

சாப்பாட்டு அறைக் கதவு திறந்தது. மீசையைத் துடைத்தபடி துரை எட்டிப் பார்த்தார்.

“நல்லையா! திருடன் செத்தாச்சா?”