மூக்கில் ஒரு தையல்

ஊசி மூக்குக்கு வந்துவிட்டது.

அவன் கால்மாட்டில் தொடங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறி வந்தான். கித்தான் துணி விறைத்துக் கிடந்தது. நேற்றுவரை ஃபாலன் குறட்டை விட்ட தொங்குபடுக்கைதான். இன்று அதையே, கடலில் இறக்குவதற்காக, ஃபாலனைச் சுற்றி மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறான்.

தைப்பது அவனுக்குப் புதிதல்ல. கடற்படைக்கு வருமுன் கோதுமை வயல்களில் மூட்டைக்கு வாய் தைத்துத்தான் பிழைத்தான். ஒரு மணி சிந்தாது.

கப்பலில் இந்த வேலைக்கென்றே ஒருவர் இருந்தார். சிக்கன நடவடிக்கையில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உலகப் போர் முடிந்துவிட்டது, இனி வராது என்று பெரிய நாடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தன. ஆஸ்திரேலியா நம்பியது. பல கப்பல்களைக் கரையோரம் கட்டிப்போட்டது. மிச்சமிருந்ததைத் தீவு தீவாக அனுப்பி, கொடியைக் காட்டிவிட்டு வரச் சொன்னது.

சண்டை இல்லாத கடற்படை. சாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

ஃபாலனுக்கு வெப்பம் கிடைத்தது.

“மூக்கு வழியாப் போடு” என்றார் பிளங்கட். கொதிகலன் அறைக்கு அவர்தான் தலைவர். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “அதுதான் வழக்கம். உயிர் இருந்தா துள்ளிடுவான்.”

விதிப்புத்தகத்தில் இது இல்லை. ஆனால் டாக்டரின் கையெழுத்தைவிட மாலுமிகள் இந்தத் தையலைத்தான் நம்பினார்கள்.

அவன் ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மயங்கி விழுவதில் ஃபாலனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சிட்னியில் கவர்னர் வந்த அணிவகுப்பில், வெயில் உறைக்கத் தொடங்கிய நேரம் பார்த்துக் கம்பம் போலச் சாய்ந்தான். இன்று தைக்கிறவன்தான் அன்று நிழலுக்குத் தூக்கிப் போனான். கிடத்தியதும் ஃபாலன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“கவர்னர் பேசி முடிச்சதும் எழுப்புடா.”

கப்பலில் கொதிகலன் சூடேறும் நாட்களில் எல்லாம் விழுந்தான். போன மாதம் டாக்டருக்குச் சந்தேகம் வந்து, உள்ளங்காலில் ஊசியை இறக்கினார். ஆழமாகவே இறக்கினார்.

ஃபாலன் அசையவில்லை. இமைகூட ஆடவில்லை. டாக்டர் தோற்றுப்போய் ஓய்வு எழுதிக் கொடுத்தார்.

எப்படி என்று கேட்டதற்கு ஃபாலன் சொன்னான்: “காலை அவங்ககிட்ட விட்டுட்டு நான் வேற எங்கயாவது போயிடுவேன்டா.”

ஒவ்வொரு முறையும் பிளங்கட், ஃபாலனின் மண்வாரியை அவனிடம் நீட்டுவார்.

“அவன் வேலையையும் நீயே பாரு.”

“அவன் வர்ற வரைக்கும்தானே, சீஃப்?”

கரி அள்ளுகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

நேற்றும் சிரித்தார்கள். ஃபாலன் கரிக்குவியல்மேல் குப்புற விழுந்தபோது முதலில் கைதட்டியது அவன்தான். விழுந்த விதம் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. தட்டிவிட்டு மண்வாரியை எடுத்துக்கொண்டான்.

டாக்டர் வந்தார். சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தார். அவரும் அவசரப்படவில்லை.

“என்ன, பயமா?” என்றார் பிளங்கட்.

குத்தினான்.

ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. நூல் பின்னால் வந்தது.

ஒன்றுமில்லை.

பிளங்கட் தொப்பியைக் கழற்றினார். “சரி. முடிச்சைப் போடு.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

அவன் குனிந்தான். கித்தானில் காது இருக்கும் இடம் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

“டாக்டர் போயிட்டார்டா.”

ஒன்றுமில்லை.

கித்தான்கூட அசையவில்லை.

அவன் கைகள் நின்றுவிட்டன.

ஊசிக்கு அசையாதவன் அல்லவா இவன்.

பிளங்கட் இன்னும் திரும்பவில்லை. அவன் நூலை அறுத்தான். நுனியை மடிப்புக்குள் செருகினான். மேலே கையால் நீவிவிட்டான். பார்ப்பதற்கு நல்ல தையல்தான்.

முடிச்சுப் போடவில்லை.

காலில் பீரங்கிக் குண்டு கட்டி இறக்குவதுதான் முறை. குண்டிலும் சிக்கனம். அதனால் கொதிகலன் அடுப்பிலிருந்து கழற்றிய பழைய இரும்புக் கம்பிகளைக் கட்டினார்கள். எந்த அடுப்புக்கு டிமிக்கி கொடுத்தானோ அதுவே ஃபாலனின் காலைப் பிடித்துக்கொண்டது.

பிற்பகலில் எல்லோரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். கப்பல் வேகம் குறைந்தது. கேப்டன் பிரார்த்தனை வாசித்தார். பலகையைச் சாய்த்தார்கள்.

ஃபாலன் போனான். மேலே போர்த்தியிருந்த கொடி மட்டும் பலகையிலேயே தங்கியது. கொடி அரசாங்கச் சொத்து. ஓரத்தில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள்.

எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள்.

அவன் குனியவில்லை. கப்பலின் பின்புறத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். கப்பல் மறுபடி வேகம் எடுத்தது. நுரை வெள்ளைக் கோடாக நீண்டு, அகன்று, கலைந்தது. அதற்குப் பின்னால் கடல் மட்டமாகக் கிடந்தது.

கூட்டம் கலைந்தது. பிளங்கட் வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் அவரும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு தோளில் கை வைத்தார்.

“கீழே ஆள் இல்லடா. அவன் வேலையையும் நீதான் பார்க்கணும்.”

அவன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவன் வர்ற வரைக்கும்தானே, சீஃப்?”