போயிட்டு வாங்க

வெளிநாட்டில் பிறந்த பேத்தியின் வீடியோ இறங்க மரகதத்தின் போனில் இடமில்லை. இறந்துபோன கணவரின் வாய்ஸ் மெசேஜ்களை அழிக்கச் சொன்னாள் மகள் கயல். ஒவ்வொன்றையும் ஒருமுறை கேட்டு, "போயிட்டு வாங்க" என்று சொல்லி அழித்தாள் மரகதம். மறுநாள் காலையில் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. மூன்று நாளாக இப்படித்தான்.

"போயிட்டு வாங்கன்னு சொன்னா அப்பா வரத்தானேம்மா செய்வாரு?" விஷயத்தைக் கேட்ட கயல் சிரித்தாள். "வெறுமனே போங்கன்னு சொல்லேன். பாப்பா முகத்தப் பாக்க வேணாமா உனக்கு?"

மரகதம் கடைசி மெசேஜை ஓடவிட்டாள். "கதவத் தாழ் போட்டுக்கோ மரகதம், வரேன்" என்றார் அவர். அழிக்கும் பொத்தானில் விரலை வைத்து, நாற்பது வருடத்தில் அவரிடம் ஒருநாளும் சொல்லாத அந்த ஒற்றைச் சொல்லுக்காக வாயைத் திறந்தாள். போனுக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொள்வது கேட்டது.