பாதியில் நின்றவர்கள்

"இந்தக் கட்டுரையை நீங்களே பாத்துடுங்க சார். நான் கை வைக்கல."

மருத்துவ இதழின் பதிப்பாசிரியர் நிமிர்ந்தார். வளவளவென்று எழுதினால் ஈவு இரக்கமில்லாமல் வெட்டுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். ஒரு மருந்தைப் பற்றி எங்கெங்கோ நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, பலன் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் கட்டுரைகளை அவரும் எதிரே நின்ற இந்த இணையாசிரியையும்தான் பங்கு போட்டுத் திருத்தி வந்தார்கள்.

"ரத்தப் புற்றுநோய்க் கட்டுரையெல்லாம் உங்க பங்கு மேடம். என் தலையில கட்டாதீங்க."

"இதை மட்டும் கட்டித்தான் ஆகணும். 'மருந்தால் பலன் இல்லை'ன்னு கடைசியில ஒரு வரி இருக்கு. அதை வெட்டுங்க."

"விளையாடறீங்களா? அதுதானே கட்டுரையே!"

"இருக்கறதுலயே பெரிய ஆய்வுல, மருந்து சாப்பிட்டவங்க நிறைய பேர் பாதியில வராம நின்னுட்டாங்க. என்ன ஆனாங்கன்னு தெரியாது. அத்தனை பேரையும் செத்தவங்களா வச்சுக் கணக்குப் போட்டிருக்காங்க."

"தெரியலைன்னா மோசமானதை எடுத்துக்கறது உண்டுதானே?"

"அதை மட்டுமே நம்பித் தீர்ப்பு எழுதலாமா சார்? இது வெளிய வந்தா ஆஸ்பத்திரியில இந்த மருந்தை நிறுத்திடுவாங்க. இதை விட்டா வேற வழியில்லாதவங்க எங்க போவாங்க?"

குரல் உடைந்துவிட்டது. கத்தரிக்குச் சங்கடமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இணையாசிரியை ஒரு கட்டுரைக்காகக் கண்கலங்கி அவர் பார்த்ததில்லை.

"அவங்க எல்லாரும் பிழைச்சிட்டாங்கன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லல. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதச் சொல்றேன்."

அவர் அந்தப் பக்கங்களை மறுபடி படித்தார். வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

"நியாயம்தான். இவ்வளவு விவரமா சொல்றவங்க நீங்களே திருத்திடலாமே? சம்பந்தப்பட்டவங்கதான் ஒதுங்கணும்னு விதி. மருந்துக் கம்பெனியில காசு ஏதாவது வாங்கினீங்களா?"

"சே, இல்ல சார்."

"எழுதினவங்க சொந்தக்காரங்களா?"

"யாருன்னே தெரியாது."

"பின்ன என்னதான் மேடம் சம்பந்தம்?"

இணையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உடம்பு தேறினதும் கல்யாணமாகி வேற ஊருக்குப் போயிட்டேன். திரும்பிப் போய்ச் சொல்லணும்னு அந்த வயசுல தோணல. அவங்க கணக்குல செத்துப் போனவங்கள்ல நானும் ஒருத்தி சார்."